டெலிபோனில் சொன்ன பேர்

நான் இங்கிலீசு படிக்கப் போன கதையை ஊரில் இன்றைக்கும் பகிடியாகச் சொல்லுவார்கள். சொல்லட்டும். முப்பது வயதுப் பொம்பிளை, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கக்கத்தில் இங்கிலீசுப் புத்தகத்தோடு கல்லடிப் பாலத்தில் நடந்து போனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பள்ளி விட்டு வரும், அ ஆ படிக்கிற அரிவரிப் பிள்ளைகள் எனக்கு எதிரே வரும். அவர்களுக்கு வழிவிட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் போவேன்.

அந்தப் பின்னேரங்களை நினைத்தால் முதலில் வெளிச்சம்தான் வருகிறது. கச்சான் காற்று வாவியின் மேல் ஒரே பக்கமாக வீசிக்கொண்டிருக்கும். தண்ணீர் பளபளவென்று கண்ணைக் கூசவைக்கும். பாலத்தின் நடுவில் நின்றால் கல்லடியும் தெரியும், பட்டினமும் தெரியும், இரண்டும் எனக்குச் சொந்தமில்லாத இடங்கள் மாதிரி இருக்கும். நான் வாயை அசைத்து அன்றைய பாடத்தைச் சொல்லிக்கொண்டு நிற்பேன். கீழே வலை வீசுகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, பாவம், புருஷனைக் காணாத ஏக்கத்தில் தனியே கதைக்கிறாள் என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அது சண்டைக் காலம். என் புருஷன் தச்சர். பனிச்சங்கேணிக்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்து என் வீட்டுக்கு வந்து குடியிருந்தவர். வந்த முதல் கிழமையே வீட்டில் ஆடிய கதவையெல்லாம் ஆடாமல் செய்தார். அதிகம் பேசமாட்டார், ஆனால் ஒரு வார்த்தையில் ஆளைச் சிரிக்கவைத்துவிடுவார். திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக்குத் தச்சர்கள் வேண்டும் என்று ஆள் எடுத்தபோது அவரும் போனார். மாதா மாதம் காகிதம் வந்தது. பிறகு ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான். அதோடு காகிதம் நின்றது.

கூடப் போன ஒருவர் மட்டும் திரும்பி வந்து, "குண்டு விழ முதல் நாள் அவர ஒரு கப்பலில ஏத்தினதக் கண்டன். அது எங்க போன எண்டு தெரியா, தங்கச்சி" என்று சொன்னார். அவ்வளவுதான். ஒரு மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாதங்கள் போனபோது வீட்டில் பேச்சு மாறத் தொடங்கியது. என் அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்.

"ஆண்டு திரும்பப் போகுது புள்ள. செய்ய வேண்டியதச் செய்வம். அந்த மனிசன்ட ஆத்துமா அலையக் கூடாது."

எனக்கு வந்த கோபத்தில் சுளகைத் தட்டிவிட்டேன். அரிசி முற்றமெல்லாம் போனது.

"என்ட கழுத்தில கை வைக்க ஆரும் வரப்படா! அவரு இரிக்காரா இல்லையா எண்டு நான் தெரிஞ்சுக்குவன். அதுக்கு மறுகா மத்ததப் பாப்பம்."

சொல்லிவிட்டேன். ஆனால் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? பட்டினத்தில் துறையடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டில், சண்டை வேலைக்குப் போன ஆட்களின் அலுவல் பார்க்க என்று ஒரு கந்தோர் திறந்திருந்தார்கள். உள்ளறையில் ஒரு வெள்ளைக்காரத் துரை. வெளியறையில் ஒரு கிளாக்கர். துரைக்குத் தமிழ் தெரியாது. கிளாக்கருக்கு இரண்டும் தெரியும், ஆனால் அதை எங்களுக்காகச் செலவழிக்க மனம் இல்லை. புருஷன் பேரை நான் சொல்லக் கூடாதல்லவா, அதனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு காகிதத் துண்டில் எழுதுவித்துக் கொண்டு போவேன். கிளாக்கர் அதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், துண்டைத் திருப்பித் தருவார்.

"ஒண்டும் வரல்ல. பிறகு வா."

அந்த மனிதர் ஒரு தரமாவது கதிரையை விட்டு எழும்பி உள்ளே போய்க் கேட்டதை நான் காணவில்லை. இவரைத் தாண்டி அந்த அறைக்குள் போகவேண்டும், அதற்கு இங்கிலீசு வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மிஷன் பள்ளிக்கூடத்தில் பெரிய பொம்பிளைகளுக்குப் பின்னேர இங்கிலீசு வகுப்பு தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த நாளே போய் நின்றேன்.

வகுப்பு நடந்தது அரிவரிப் பிள்ளைகளின் அறையில். வாங்குப் பலகைகள் எங்கள் முழங்காலுக்குக் கூட உயரமில்லை. குந்தியிருந்தால் எழும்ப ஏலாது, எழும்பினால் வாங்கும் கூடவே வரும். ஆசுபத்திரியில் வேலைக்குச் சேர ஆசைப்பட்டவர்கள் சிலர், தையல்காரி ஒருத்தி, ஏன் வந்தோம் என்று தங்களுக்கே தெரியாத இரண்டு மூன்று பேர். என் பக்கத்தில் தன்னாமுனையிலிருந்து வந்த ஒரு வேதக்காரப் பெண் இருந்தாள். என் வயதுதான். அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர், அந்த பஸ்ஸிலேயே வந்து அந்த பஸ்ஸிலேயே போவாள். வாய் ஓயாது. அவள் அப்படிப் பேசிக்கொண்டிருந்ததால்தான் அந்த நாட்களில் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது என்று நினைக்கிறேன்.

படிப்பித்தவள் பறங்கிப் பெண். எங்கள் எல்லோரையும் விட இளையவள். முழங்கால் தெரிகிற கவுன், கட்டை முடி. எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவாள். "அக்காமார், வாயத் திறங்க! வாய்க்குள்ள கொழுக்கட்டையா வெச்சிரிக்கீங்க?" என்று கத்துவாள். நாங்கள் சிரித்துச் சிரித்து அன்றைய பாடத்தை மறந்துவிடுவோம்.

முதல் மாதம் நன்றாகவே போனது. என் பேர் இன்னது, என் ஊர் இன்னது, என் வீட்டுக்குப் பின்னால் வாவி இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தது வினை. மிஸ் ஒவ்வொருத்தியாக எழுப்பி, "உன் புருஷனின் பேர் என்ன?" என்று இங்கிலீசில் கேட்டாள். முதல் வாங்குக்காரி எழும்பினாள், வாங்கும் எழும்பியது. அவள் நிலத்தைப் பார்த்தாள். இரண்டாவது ஆள் நிலத்தைப் பார்த்தாள். எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம்.

மிஸ்ஸுக்கு எங்கள் வழக்கம் தெரியாமல் இல்லை. இந்த ஊரில் பிறந்தவள்தானே. ஆனால் விடமாட்டாள்.

"இங்கிலீசில சொன்னா ஆயுசு குறையாது, அக்கா. தமிழில சொன்னாத்தான் குறையும்."

தையல்காரி கையைத் தூக்கினாள். "ஏன் மிஸ், எமனுக்கு இங்கிலீசு தெரியாதா?"

"தெரியாது எண்டே வெச்சுக்கங்க."

"தெரிஞ்சா என்ன செய்யிற? பேர் எந்தப் பாசையில சொன்னாலும் அதே பேர்தானே?"

தன்னாமுனைக்காரி எழும்பி, "எங்கட சாமிக்கு லத்தீனே தெரியும் மிஸ். இங்கிலீசு எம்மாத்திரம்?" என்று சொல்லிவிட்டு இருந்துகொண்டாள். வேதக்காரி என்றாலும் இந்த விஷயத்தில் அவளும் எங்களைப் போலத்தான்.

சரி, வாயால் வேண்டாம், சிலேட்டில் எழுதுங்கள் என்றாள் மிஸ். அதில் ஒரு ஒதுக்குவழி இருப்பதாக எங்களுக்கும் பட்டது. எழுதினோம். வாழ்க்கையில் முதல் தரம் அந்தப் பேரை என் கையால் எழுதினேன். கோணல் மாணலான இங்கிலீசு எழுத்து. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த அறையில் மத்தியான வெக்கை இன்னும் போகவில்லை, யன்னலால் வாவிக் காற்று வந்து வந்து போனது, வெள்ளை எழுத்துக்குள் இருந்து அவர் மரத்தூள் தட்டிக்கொண்டு எழும்பி வருவார் போல எனக்கு இருந்தது. கண் கலங்கியது. கலங்கட்டும் என்று விட்டேன்.

மிஸ் எல்லோருடையதையும் பார்த்து, "நல்லம், இப்ப அழியுங்க" என்றாள்.

ஒருவரும் அழிக்கவில்லை.

"அழியுங்க அக்காமார்!"

எப்படி அழிப்பது? சொல்லவே கூடாத பேரை எச்சில் தொட்டுத் துடைப்பதா? அதுவும் கடலுக்குப் போய்த் திரும்பாத மனிதரின் பேரை? நான் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் அணைத்துக்கொண்டார்கள். எடுத்த சிலேட்டெல்லாம் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு, வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. கடைசியில் அலுமாரியின் மேல்தட்டில் எழுத்து அழியாமல் ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவில் காகிதம் வைத்து அடுக்கிவிட்டு வந்தோம். அடுத்த நாள் காலையில் அரிவரிப் பிள்ளைகளுக்கு எழுதச் சிலேட்டு இல்லை. பள்ளிக்கூடத்தை நடத்தும் பெரிய மதர் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மிஸ்ஸைக் கூப்பிட்டு என்ன கேட்டாவோ தெரியாது. மிஸ் எங்களிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அக்காமார், நான் தோத்துட்டன். அழிக்கிறத நானே அழிக்கிறன். இனி ஒருத்திட புருஷன்ட பேரப் பக்கத்தில இரிக்கிறவ சொல்லட்டும். சரியா?"

அது எல்லோருக்கும் சரியாக இருந்தது. அன்றிலிருந்து என் புருஷனின் பேரைத் தன்னாமுனைக்காரி சொல்லுவாள், அவள் புருஷனின் பேரை நான் சொல்லுவேன். அவள் சொல்லும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். வேறொருத்தியின் வாயில் அந்தப் பேர் வகுப்புக்குள் உலவித் திரிந்துவிட்டு என்னிடம் வரும். ஒரு பின்னேரத்துக்கு அது போதும்.

வெளிச்சம் மங்க முதல் வீடு போய்ச் சேரவேண்டும், குண்டுக்குப் பயந்து விளக்கை மூடிவைக்கச் சொல்லிச் சட்டம். நான் பாலத்தில் மெதுவாகத்தான் நடப்பேன். தலைக்குள் புதுச் சொற்கள் மிதந்துகொண்டிருக்கும். துறைமுகம், கப்பல், மரம், வாள், ஆணி. மிஸ்ஸிடம் கேட்டுக் கேட்டு அவர் வேலைச் சொற்களையே அதிகம் பொறுக்கி வைத்திருந்தேன். அவர் எங்கே இருந்தாலும் அந்தச் சொற்கள்தானே அவரைச் சுற்றிக் கேட்கும். ஒரு நாள் கனவில் அவர் வந்து எங்கள் கிணற்றடியில் நின்று இங்கிலீசில் என்னவோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அன்று பின்னேரம் வகுப்புக்கு மற்ற நாட்களை விட முந்தியே ஓடினேன்.

ஒரு வருஷப் படிப்பின் கடைசியில் எனக்குத் தைரியம் வந்தது. அதற்குள் இரண்டாம் ஆண்டும் திரும்பியது என்று வீட்டில் அம்மா நாளும் பார்த்துவிட்டாள். வருகிற அமாவாசைக்குப் பிறகு கருமம், தாலி கழற்றுவது என்று சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லியாயிற்று. நான் அன்றைக்கும் வகுப்புக்குப் போனேன். தன்னாமுனைக்காரியிடம் மட்டும் சொன்னேன்.

"நான் துரையக் காணப் போறன் புள்ள. நீயும் வா. கதைக்கிறத நான் கதைக்கிறன். பேர் கேட்டா நீ சொல்லு."

"அதுக்கென்ன, வாறன். உன்ட புருஷன்ட பேரச் சொல்லிச் சொல்லி அந்த மனிசன் எனக்கே சொந்தக்காரரு மாதிரி ஆகிட்டாரு."

கிளாக்கர் ஐயா பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் ஒரு சின்ன நித்திரையும் கொண்டுவிட்டுத்தான் வருவார். அந்த நேரம் பார்த்துப் போனோம். வாசலில் ஒரு சிப்பாய் நின்றான், எந்த நாட்டவனோ. ஒரு ஆள்தான் உள்ளே என்று ஒற்றை விரலைக் காட்டினான். தன்னாமுனைக்காரி அவனிடம் தமிழில் சண்டை பிடித்துப் பார்த்தாள். அவன் அசையவில்லை. அவளை முற்றத்துப் பூவரச மரத்தடியில் விட்டுவிட்டு நான் தனியே போனேன்.

துரை சிவந்த முகத்தோடு வேர்த்துக் கொட்டிக்கொண்டு இருந்தார். நான் பாலத்தில் சொல்லிப் பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். குட் ஆப்டர்நூன், சேர். என் புருஷன் தச்சர். திருகோணமலையில் வேலை செய்தார். ஒரு கப்பலில் ஏறினார். அவர் உயிரோடு இருக்கிறாரா? துரை பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு விளங்கியிருந்தது.

நான் நீட்டிய அந்தப் பழைய துண்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். தமிழ் எழுத்து. அதை மேசையில் வைத்துவிட்டு டெலிபோனை எடுத்துச் சுழற்றினார். வெகுநேரம் கத்தினார். கடைசியில் திருகோணமலை கிடைத்துவிட்டது போலிருக்கிறது, குழாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கெதியாய்க் கேட்டார்.

"உன் புருஷனின் பேர்?"

நான் யன்னலால் பார்த்தேன். தன்னாமுனைக்காரி மரத்தடியில் நின்றாள். வா வா என்று கையைக் காட்டினேன். அவள் காரியம் பழம் என்று நினைத்தாளோ என்னவோ, சந்தோஷமாகத் திரும்பக் கையைக் காட்டினாள். எனக்கு அவளைக் கொன்றுபோடலாம் போல வந்தது. எழுதித் தாறேன் என்று பேனையைக் காட்டினேன். துரை வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவருக்கு எங்கள் பேர் வாயில் வராதாம், நீயே சொல் என்று அந்தக் கறுத்தக் குழாயை என் கையில் தந்துவிட்டார்.

காதில் வைத்தேன். வாவியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைத்தால் வருகிற மாதிரி ஒரு முனகல். அதற்குள்ளிருந்து ஒரு ஆணின் குரல், "நேம்? நேம்?" என்று கேட்டது.

சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் அமாவாசைக்குப் பிறகு அவர் செத்தவர். எமனுக்கு இங்கிலீசு தெரியுமோ தெரியாதோ, அந்தக் குரலுக்கு என் மௌனம் தெரியாது, அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். வாய்க்குள்ளேயே சொன்னேன்.

"லவுடர்!" என்றது குரல். இன்னும் சத்தமாகச் சொல்லட்டாம்.

இன்னொருக்கா சொன்னேன். "லவுடர்! லவுடர்!" எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு வருஷமாக எல்லோரும் என்னை அலைக்கழித்த கோபம். கத்தினேன். என் புருஷனின் பேரை, அவர் தகப்பன் பேரோடு சேர்த்து, துறையடி முழுக்கக் கேட்கக் கத்தினேன். துரை கதிரையில் பின்னால் சாய்ந்தார். வெளியில் தன்னாமுனைக்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு அந்த முனகலுக்குள் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. ஒன்று, மற்றது, மற்றது என்று புரண்டுகொண்டே இருந்தது. நான் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே காற்று நின்றுவிட்டது போலவும் வாவி அப்படியே உறைந்துவிட்டது போலவும் இருந்தது. யாரோ ஒரு முகம் தெரியாத மனிதர், நான் கண்டிராத ஒரு அறையில், என் புருஷனைத் தாள் தாளாகத் தேடிக்கொண்டிருந்தார். குரல் திரும்பி வந்து வேகமாகப் பேசியது, எனக்குப் பிடிபடவில்லை. துரை குழாயை வாங்கிக் கேட்டார். என்னைப் பார்த்து ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவர் உயிரோடு இருக்கிறார். ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் திருத்துகிறார்.

அதுவரை யார் இங்கிலீசு பேசினாலும் நான் உள்ளே தமிழாக்கிப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வேன். இதைத் தமிழாக்கவில்லை. அப்படியே உள்ளே போய்விட்டது. துரைக்கு நன்றி சொல்லவேண்டும் என்று தெரிகிறது, வார்த்தை வரவில்லை. கடைசியில், "யெஸ், மிஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அம்மா கேட்டுவிட்டு முதலில் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேர ஆரு சொன்ன?" என்றாள். நான்தான் என்றேன். நேரே கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தாள்.

எங்கேயோ தேங்கிக் கிடந்த அவர் காகிதங்கள் ஒரு கட்டாக வந்தன. சண்டை முடிந்து அவரும் வந்தார். மெலிந்து, கறுத்து, தலையில் பாதி நரைத்து. வந்த அன்றைக்கே மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"இஞ்சாருங்க, உங்கட பேரச் சொல்லிப்போட்டன். கத்திச் சொல்லிப்போட்டன்."

"அதானே பாத்தன்" என்றார். "அங்க கப்பல் மேல நிக்கக்குள்ள ஆரோ கூப்பிட்ட மாதிரி இரிந்தது. எங்க, இன்னொருக்காச் சொல்லு பாப்பம்."

"போங்க!" என்றேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நீண்ட காலம் கிடைத்தது. சளி பிடித்தாலும், முதுகு பிடித்தாலும், "நீ டெலிபோனில சொன்னது இப்பதான் வேலை செய்யுது" என்பார். சில பின்னேரங்களில் வாவிப் பக்கம் பார்த்து இருந்துகொண்டு, "ஒருக்காச் சொல்லன், புள்ள" என்று மெதுவாகக் கேட்பார். நான் சொன்னதே இல்லை. அவர் ஆயுசில் ஒரு நாளைக்கூடக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டுக்கொண்டே கிழவரானார். கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

இனிக் குறைய ஆயுசு இல்லை. இங்கே எழுதமாட்டேன், எழுதினால் யாராவது அழிப்பார்கள். ஆனால் பின்னேரம் காற்று விழுந்ததும் வாவிக் கரைக்குப் போய்ச் சொல்லுகிறேன். முதலில் வாய்க்குள், பிறகு சத்தமாக, பிறகு அன்றைக்குக் கத்தினது போலக் கத்தியும் சொல்லுகிறேன். சொல்லிவிட்டு, காகிதம் புரளும் சத்தம் கேட்கிறதா என்று நிற்கிறேன்.